கரையேறிய பிறகு வரும் வலி: வாசகர் கேள்வி–பதில்

ஸ்கூபா டைவிங் பற்றி இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை கருவிகளைப் பற்றியோ பயிற்சியைப் பற்றியோதான் இருக்கும். இம்முறை வந்த நீண்ட கடிதம் ஒன்று, ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் மேலே வரும்போது குமிழியாவதால் வரும், டிகம்ப்ரஷன் சிக்னஸ் எனப்படும் அழுத்தக்குறைவு நோயால் பாதிக்கப்பட்டுத் தேறிவரும் ஒரு வாசகருடையது. அதனோடு தொடர்புடைய மற்றக் கேள்விகளையும் சேர்த்து, இந்த இதழின் பகுதி முழுவதையும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். நண்பர்களோடு படகிலேயே தங்கி, பல நாட்கள் தொடர்ந்து, நாளுக்கு மூன்று நான்கு முறை டைவ் செய்யும் பயணம் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். கடைசிக்கு முந்தைய நாள் 28 மீட்டர் ஆழத்தில் நீரோட்டத்தை எதிர்த்து நீந்த வேண்டியிருந்தது. ஆனாலும் டைவ் கம்ப்யூட்டர் காட்டிய நேர வரம்பைத் தாண்டவில்லை. மெதுவாகத்தான் மேலே வந்தேன். 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்றேன். படகேறி ஒரு மணி நேரத்துக்குள் இடது தோள்பட்டை வலித்தது. சிலிண்டரைத் தூக்கியதால் வந்த பிடிப்பு என்று நினைத்து, வலி மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிட்டேன். விடிந்தபோது கால்கள் மதமதத்தன. எழுந்து நடந்தால் தள்ளாடியது. சிறுநீரும் சரியாகப் பிரியவில்லை. அதன் பிறகே வழிகாட்டியிடம் சொன்னேன். ஆக்சிஜன் கொடுத்துக் கரைக்குக் கொண்டுவந்து, அழுத்த அறையில் சிகிச்சை தந்தார்கள். இப்போது நன்றாக நடக்கிறேன். பாதத்தில் மட்டும் சற்று மரத்த உணர்வு மீதம் இருக்கிறது. எந்த விதியையும் மீறாத எனக்கு ஏன் இது வந்தது?

பதில்: உங்கள் கேள்வியில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஏன் வந்தது என்பது ஒன்று. அது இவ்வளவு தூரம் முற்றியது ஏன் என்பது மற்றொன்று. நீங்கள் முதலாவதை மட்டும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது என்றாலும், கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன்.

கையில் கட்டியிருக்கும் டைவ் கம்ப்யூட்டர் உங்கள் உடம்பை அளப்பதில்லை. எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு, சராசரி மனிதர் ஒருவரின் உடம்பில் எவ்வளவு நைட்ரஜன் கரைந்திருக்கும் என்று அது கணக்குப் போடுகிறது. இந்தக் கணக்கின் வேர் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற பிரிட்டிஷ் உடலியல் அறிஞரிடம் இருக்கிறது. அவர் ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்து, 1908-இல் வெளியிட்ட அட்டவணைகளைப் பிரிட்டிஷ் கடற்படை ஏற்றுக்கொண்டது. உடம்பின் திசுக்கள் எல்லாம் ஒரே வேகத்தில் வாயுவை வாங்குவதும் இல்லை, விடுவதும் இல்லை என்பதால், அவர் உடம்பை ஐந்து கற்பனைப் பிரிவுகளாகப் பிரித்துக் கணக்கிட்டார். பின்னாளில் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த மருத்துவர் ஆல்பர்ட் ப்யூல்மான் அதைப் பதினாறு பிரிவுகளாக விரித்தார். இன்று விற்பனையில் உள்ள பல கம்ப்யூட்டர்கள் அவருடைய முறையைத்தான் ஏதேனும் ஒரு வடிவத்தில் பின்பற்றுகின்றன. அந்தப் பதினாறு பிரிவுகளில் எதற்கும் உங்கள் தோள் மூட்டு என்றோ முதுகுத்தண்டு என்றோ பெயர் கிடையாது. அவை கணித வசதிக்காக வகுக்கப்பட்டவை.

ஆகவே திரையில் தெரியும் வரம்பு என்பது, பெரும்பாலோர்க்குப் பெரும்பாலான நேரங்களில் ஒன்றும் ஆகாத எல்லை. அதற்கு இந்தப் பக்கம் முழுப் பாதுகாப்பு, அந்தப் பக்கம் முழு ஆபத்து என்று பொருள் இல்லை. நீரோட்டத்தை எதிர்த்து நீந்தியதைக் கம்ப்யூட்டர் அறியாது. ஆழத்தில் உழைக்கும்போது தசைகளுக்கு ரத்த ஓட்டம் கூடி, அதனோடு நைட்ரஜனும் கூடுதலாகச் சென்று சேர்கிறது. பிறகு, மேலே வரும் நேரத்தில் உடம்பு குளிர்ந்துபோனால் தோலுக்கும் கைகால்களுக்கும் செல்லும் ரத்தம் குறைந்து, உள்ளே போன வாயு வெளியேறுவது தாமதமாகிறது. அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுப் பிரிவு நடத்திய சோதனைகளில், ஆழத்தில் கதகதப்பாகவும் ஏறும்போது குளிராகவும் இருந்தவர்களுக்கே நோய் அதிகம் வந்தது. இதற்கு நேர்மாறாக இருந்தவர்களுக்கு மிகக் குறைவாக வந்தது. பல நாட்கள் தொடர்ந்து இறங்கியது, தண்ணீர் குறைவாகக் குடித்தது, சரியாக உறங்காதது என்று இன்னும் சிலவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் இவற்றில் இதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்ட எவராலும் இயலாது. இதே டைவை உங்களோடு செய்த நண்பர் நலமாக இருக்கிறார் என்பதும், நீங்களே முன்பு இதுபோலப் பல டைவ்களைச் செய்து நலமாக இருந்திருக்கிறீர்கள் என்பதும் அதனால்தான் ஒன்றையும் நிரூபிப்பதில்லை.

இனி இரண்டாவது கேள்வி. அமெரிக்கக் கடற்படையின் கையேடு தரும் கணக்கின்படி, நோய் கண்டவர்களில் 42 விழுக்காட்டினருக்கு மேலே வந்த ஒரு மணி நேரத்துக்குள்ளும், 83 விழுக்காட்டினருக்கு எட்டு மணி நேரத்துக்குள்ளும், 98 விழுக்காட்டினருக்கு 24 மணி நேரத்துக்குள்ளும் அறிகுறிகள் தொடங்கிவிடுகின்றன. உங்கள் தோள் வலி இந்தக் கணக்கில் முதல் வரிசையில் வந்து நின்ற அறிகுறி. அப்போதே சொல்லியிருந்தால் படகிலிருந்த ஆக்சிஜன் அன்று மாலையே கிடைத்திருக்கும். நீங்கள் வலி மாத்திரை போட்டீர்கள், வலி மங்கியது, நோய் முதுகுத்தண்டு வரை போனது. இதை உங்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. விதியை மீறவில்லை என்ற நம்பிக்கைதான் உங்களைத் தாமதிக்க வைத்திருக்கிறது என்பதற்காக எழுதுகிறேன். “நான் தவறு செய்யவில்லை, ஆகவே எனக்கு வந்திருக்க முடியாது” என்ற எண்ணம் டைவர்களிடையே மிகப் பரவலாக இருக்கிறது. தவறு செய்தவருக்கு மட்டுமே வரும் நோய் என்ற பேச்சு படகுகளில் ஒழிந்தால், பாதிப் பேர் பல மணி நேரம் முன்னதாகவே வாய் திறப்பார்கள் என்பது என் எண்ணம்.

பாதத்தில் மீந்திருக்கும் மரத்த உணர்வைப் பற்றிக் கவலை இருக்கும். முதுகுத்தண்டைத் தொட்ட நோயில், சிகிச்சை முடிந்த பின்னும் பல மாதங்கள் வரை சிறிது சிறிதாக முன்னேற்றம் தொடர்வது உண்டு. சிகிச்சை தந்த மருத்துவரிடம் தொடர்ந்து காட்டிக்கொண்டிருங்கள்.

கேள்வி: சோடா பாட்டிலைத் திறந்தால் குமிழி வருவதைப் போலத்தான் இந்த நோயும் என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். உண்மையில் நடப்பது அவ்வளவுதானா?

பதில்: தொடக்கத்துக்கு அந்த ஒப்புமை போதும், அங்கேயே நின்றுவிட்டால் தவறான முடிவுகளுக்குக் கொண்டுபோய்விடும்.

ஒப்புமை சரியாக இருக்கும் பகுதியை முதலில் சொல்கிறேன். கடல் மட்டத்தில் நம்மீது ஒரு வளிமண்டல அழுத்தம் இருக்கிறது. கடல்நீரில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் இன்னொரு வளிமண்டலம் கூடுகிறது. 30 மீட்டரில் நான்கு மடங்கு. சிலிண்டரிலிருந்து வாய்க்குக் காற்றைக் கொண்டுவரும் ரெகுலேட்டர் அந்த அழுத்தத்துக்குச் சமமாகவே காற்றைத் தருவதால், காற்றில் ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்றுக் குறைவாக இருக்கும் நைட்ரஜன், ரத்தத்திலும் திசுக்களிலும் வழக்கத்தைவிட அதிகமாகக் கரைகிறது. உடம்புக்கு நைட்ரஜனால் எந்தப் பயனும் இல்லை; ஆக்சிஜனைப் போல அது செலவாவதும் இல்லை. மெதுவாக மேலே வந்தால் வந்த வழியே நுரையீரல் மூலம் வெளியேறுகிறது. விரைந்து வந்தால், கரைந்த நிலையில் இருக்க முடியாமல், உடம்புக்குள்ளேயே குமிழியாகிறது. அழுத்தம் குறைந்த கலத்துக்குள் வைத்த விரியன் பாம்பின் கண்ணில் குமிழி ஒன்று நகர்வதை ராபர்ட் பாயில் 1670-ஆம் ஆண்டிலேயே பதிவு செய்திருக்கிறார். அந்தக் குமிழிகள் நைட்ரஜன்தான் என்பதை பிரெஞ்சு அறிஞர் பால் பெர் 1878-இல் வெளியான நூலில் நிறுவினார்.

ஒப்புமை பிசகும் இடம் இரண்டு. பாட்டிலில் குமிழி மேலே வந்து உடைந்ததும் கதை முடிந்துவிடும், உடம்பில் முடிவதில்லை. குமிழி ரத்தக் குழாயின் உட்சுவரை உரசிக் காயப்படுத்துகிறது. ரத்தத் தட்டணுக்கள் அதன்மேல் ஒட்டுகின்றன. உறைதலும் அழற்சியும் தொடங்குகின்றன. குமிழி கரைந்துபோன பிறகும் அது தொடங்கிவைத்த வேலை தொடர்கிறது. சிகிச்சைக்குத் தாமதமாக வந்தவர்கள் முழுமையாகத் தேறுவது கடினமாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இரண்டாவதாக, குமிழி உண்டானாலே நோய் என்பதும் சரியல்ல. சாதாரணமான, எந்தத் தொல்லையும் தராத டைவுக்குப் பிறகுகூடப் பலருடைய சிரைகளில் குமிழிகள் ஓடுவதை அல்ட்ராசவுண்ட் கருவியில் காணலாம். அவை நுரையீரலுக்கு வந்து, அங்குள்ள நுண்குழாய்களில் வடிகட்டப்பட்டு, மூச்சோடு வெளியேறிவிடுகின்றன.

அந்த வடிகட்டியைச் சுற்றிப் போகும் குறுக்குவழி சிலருக்குப் பிறவியிலேயே உண்டு. கருவில் இருக்கும்போது இதயத்தின் இரு மேலறைகளுக்கு இடையே உள்ள சிறு திறப்பு, பிறந்த பின் மூடிக்கொள்ள வேண்டும். ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அது முழுமையாக மூடுவதில்லை. கரையில் வாழும்வரை அவர்களில் பெரும்பாலோர்க்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. டைவுக்குப் பின் மூச்சை அடக்கி முக்கிப் பளு தூக்கும்போதோ, பலமாக இருமும்போதோ, அந்தத் திறப்பு வழியே குமிழிகள் தமனிப் பக்கம் தாவி மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் உள்காதுக்கும் போய்விட வாய்ப்பு இருக்கிறது. முழுக் கருவிகளையும் சுமந்துகொண்டு ஏணியில் திணறி ஏறுவதைவிட, நீரிலேயே அவற்றைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஏறுவது நல்லது என்று சொல்வதன் பின்னணி இது.

கேள்வி: டைவ் முடிந்தால் உடம்பு வலிப்பதும் களைப்பாக இருப்பதும் இயல்புதானே? எது தசைப்பிடிப்பு, எது நோய் என்று எப்படிப் பிரித்து அறிவது?

பதில்: நீங்கள் பிரித்து அறிய வேண்டியதில்லை; அது மருத்துவரின் வேலை. டைவ் செய்த 24 மணி நேரத்துக்குள் புதிதாகத் தோன்றும் எந்த அறிகுறியையும், வேறு காரணம் உறுதிப்படும்வரை அழுத்தக்குறைவு நோய் என்றே கொள்ள வேண்டும்.

ஆனாலும் கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். மூட்டு வலி பெரும்பாலும் தோளிலோ முழங்கையிலோ வரும். உள்ளே ஆழத்திலிருந்து வருவதைப் போன்ற மந்தமான வலி. தசைப்பிடிப்பைப் போல அசைத்தால் கூடுவதும் அழுத்தினால் சுளீர் என்பதும் பொதுவாக இராது. தோலில் அரிப்போ, வயிற்றிலும் தொடையிலும் சலவைக்கல்லில் ஓடும் கோடுகளைப் போன்ற நீலச் சிவப்புத் திட்டுகளோ தோன்றலாம். இந்தத் திட்டுகளை வெறும் ஒவ்வாமை என்று தள்ளிவிடுகிறவர்கள் பலர். அவற்றோடு நரம்புப் பாதிப்பும் சேர்ந்து வருவது உண்டு என்பதால் அலட்சியம் கூடாது. செய்த டைவுக்குப் பொருந்தாத அளவுக்கு அடித்துப் போட்டதைப் போன்ற களைப்பு, தலைசுற்றலோடு வாந்தி, ஒரு காதில் கேட்கும் திறன் குறைவது, கைகால் மரத்துப்போவது, பேச்சு குழறுவது, நெஞ்சில் எரிச்சலோடு இருமல், சிறுநீர் பிரியாமை ஆகியவையும் பட்டியலில் உண்டு.

படகிலேயே செய்து பார்க்கக்கூடிய எளிய சோதனை இருக்கிறது. சந்தேகத்துக்கு உரியவரை உட்கார வைத்து, கண்களை மூடி இரு கைகளையும் முன்னே நீட்டச் சொல்லுங்கள். ஒரு கை தானாகத் தாழ்கிறதா என்று பாருங்கள். விரல் நுனியால் மூக்கைத் தொடச் சொல்லுங்கள். உங்கள் இரு கைகளையும் ஒரே நேரத்தில் இறுக்கிப் பிடிக்கச் சொல்லி, பிடியின் பலம் இரு பக்கமும் ஒன்றா என்று உணருங்கள். கண்ணை மூடியிருக்கும்போதே பாதங்களிலும் உள்ளங்கைகளிலும் மெல்லத் தொட்டு, எங்கே தொட்டீர்கள் என்று கேளுங்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துச் சொல்லச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். கண்டவற்றை நேரம் குறித்து எழுதி வையுங்கள். அந்தத் தாள் மருத்துவருக்கு மிகவும் பயன்படும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: சோதனையில் குறை தென்பட்டால் நோய் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம், குறை தென்படாவிட்டால் நோய் இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆட்டம் காணும் படகில், நின்று சமநிலையைக் காட்டச் சொல்லும் சோதனையை மட்டும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: நடுக்கடலில், மருத்துவமனை பல மணி நேரத் தொலைவில் இருக்கும்போது உடன் வந்த ஒருவருக்கு இப்படி நேர்ந்தால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: ஆக்சிஜன். நூறு விழுக்காடு ஆக்சிஜனை, மூக்கின் ஓரத்தில் கசியாமல் முகத்தோடு பொருந்தும் முகமூடி வழியாக, உடனே கொடுக்கத் தொடங்குங்கள். மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். மூச்சில் நைட்ரஜனே இல்லாதபோது உடம்பில் தேங்கியது விரைவாக வெளியேறும்; குமிழி சுருங்கும்; ரத்தம் சரியாகப் போகாத திசுவுக்கும் ஆக்சிஜன் எட்டும். அரை மணி நேரத்தில் வலி முழுவதும் மறைந்துவிட்டது என்று நோயாளி முகமூடியைக் கழற்றக் கேட்பார். கழற்றக் கூடாது. அறிகுறி மறைந்து, ஆக்சிஜனை நிறுத்தியதும் இன்னும் பலமாகத் திரும்பிய நிகழ்வுகள் நிறைய உண்டு.

அவரைத் தட்டையாகப் படுக்க வையுங்கள்; வாந்தி வந்தாலோ நினைவு மங்கினாலோ ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். முழு நினைவோடு இருந்து, விழுங்க முடிந்தால், சிறுசிறிதாகத் தண்ணீர் கொடுக்கலாம். மது வேண்டாம். வலி நிவாரணி நோயின் போக்கை மறைத்துவிடும் என்பதால், மருத்துவர் சொல்லாமல் கொடுக்க வேண்டாம். உடன் டைவ் செய்தவரையும் கண்காணியுங்கள். அவர் உடம்பும் அதே ஆழத்தில் அதே நேரம் இருந்திருக்கிறது.

அடுத்தது தொலைபேசி. டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற அமைப்பு 1980 முதல் இதற்காகவே இயங்கி வருகிறது. அதன் அவசர எண்ணில் எந்நேரமும் டைவிங் மருத்துவம் அறிந்தவர்கள் பேசுவார்கள். அருகிலுள்ள மருத்துவமனையில் அழுத்த அறை இருக்கிறதா, அது அவசர நோயாளிகளை ஏற்கும் நிலையில் இருக்கிறதா என்பதையும் அவர்கள் வழியாக அறியலாம். பயணத்துக்கு முன்பே அந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பொதுவான பயணக் காப்பீடுகள் பலவற்றில் ஸ்கூபா விலக்கப்பட்டிருக்கும், அல்லது குறிப்பிட்ட ஆழம் வரைக்கும் மட்டுமே சேர்க்கப்பட்டிருக்கும்; அழுத்த அறைச் சிகிச்சைக்கும் ஹெலிகாப்டருக்கும் ஆகும் செலவு பெரியது என்பதால், அந்தப் பத்தியைப் படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். ஹெலிகாப்டரில் கொண்டுசெல்ல நேர்ந்தால், 300 மீட்டருக்கு மேல் ஏறாமல் தாழப் பறக்கும்படி விமானியிடம் சொல்லுங்கள்.

நோயாளியை மீண்டும் நீருக்குள் இறக்கி ஆழத்தில் வைத்திருந்தால் குமிழி கரைந்துவிடும் என்று யாரேனும் ஒருவர் நிச்சயம் சொல்வார். தத்துவம் சரி, செய்கை ஆபத்து. அங்கே கை கால் இழுத்தாலோ நினைவு தப்பினாலோ மூழ்கிவிடுவார், நீர் குளிரும், சிலிண்டரில் இருப்பது காற்று என்றால் இன்னும் நைட்ரஜன்தான் ஏறும். தனிக் கருவியும் தனிப் பயிற்சியும் பெற்ற குழுக்களுக்கு மட்டும் உரிய அந்த முறையை விடுமுறைப் படகில் முயல வேண்டாம்.

மருத்துவமனைக்குப் போனதும், டைவ் செய்துவிட்டு வந்திருக்கிறார் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். வலிக்காக நைட்ரஸ் ஆக்சைடு வாயுவைத் தருவது சில அவசரப் பிரிவுகளில் வழக்கம். அது குமிழிக்குள் புகுந்து அதைப் பெரிதாக்கும் என்பதால் இந்த நோயாளிக்குத் தரக் கூடாது.

கேள்வி: என் கணவருக்கு அழுத்த அறைச் சிகிச்சை வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த இரும்புக் குழாயைப் பார்த்தாலே எனக்கு அச்சமாக இருக்கிறது. உள்ளே என்ன செய்வார்கள்?

பதில்: அம்மா, அச்சம் தருவது அதன் தோற்றம்தான். பெரும்பாலான இடங்களில் நோயாளியோடு பயிற்சி பெற்ற உதவியாளர் ஒருவரும் உள்ளே இருப்பார். கதவை மூடியதும் காற்றைச் செலுத்தி, 18 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்துக்குக் கொண்டுபோவார்கள். அப்போது காற்று இரைச்சலோடு வரும், அறை வெதுவெதுப்பாகும், காது அடைக்கும். டைவில் செய்வதைப் போலவே காதைச் சமன் செய்துகொள்ள வேண்டும். முடியாவிட்டால் கையை உயர்த்தினால் போதும், நிறுத்திவிடுவார்கள். அதன் பிறகு முகமூடி வழியே தூய ஆக்சிஜன்: 20 நிமிடம் ஆக்சிஜன், 5 நிமிடம் அறைக் காற்று, மீண்டும் ஆக்சிஜன். அந்த ஐந்து நிமிட இடைவெளி ஓய்வுக்காக அல்ல. அழுத்தத்தோடு ஆக்சிஜனைத் தொடர்ந்து சுவாசித்தால் வலிப்பு வரும் வாய்ப்பு உண்டு என்பதால் அதைக் குறைப்பதற்காக. சிறிது நேரம் கழித்து 9 மீட்டருக்குச் சமமான அழுத்தத்துக்குக் குறைத்து, அங்கே இன்னும் நீண்ட சுற்றுகள். உலகெங்கும் மிகப் பரவலாகப் பின்பற்றப்படும் அமெரிக்கக் கடற்படையின் ஆறாம் எண் அட்டவணைப்படி, மொத்தம் 4 மணி 45 நிமிடம் ஆகும், தேவைப்பட்டால் நீட்டிப்பார்கள். இறங்கியதிலிருந்து ஏறுவது வரை அவர் அதிகமாகச் செய்யப்போவது சலித்துக்கொள்வதுதான். அறிகுறி மீதம் இருந்தால், அடுத்தடுத்த நாட்களில் குறுகிய சிகிச்சைகள் தொடரும்.

இந்தச் சிகிச்சை டைவர்களுக்காக உருவானது அல்ல என்பது பலருக்குத் தெரியாது. ஆற்றின் அடியில் பாலத் தூண்களுக்கு அடித்தளம் இட, அழுத்தக் காற்று நிரப்பிய பெரிய பெட்டிகளுக்குள் தொழிலாளர்கள் இறங்கி வேலை செய்த 19-ஆம் நூற்றாண்டில்தான் இந்த நோய் பெரிய அளவில் வெளிப்பட்டது. நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தைக் கட்டிய தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கே 1872-இல் இதனால் முடங்கி, வீட்டிலிருந்தபடி மனைவி எமிலியின் துணையோடு பணியை நடத்த வேண்டியதாயிற்று. பின்னர் ஹட்சன் ஆற்றின் கீழ்ச் சுரங்கம் தோண்டியபோது, எர்னஸ்ட் மோயர் என்ற பொறியாளர், பாதிக்கப்பட்டவர்களை மீண்டும் அழுத்தத்துக்கு உட்படுத்தி மெல்ல மெல்லக் குறைக்கும் அறை ஒன்றை வேலையிடத்திலேயே அமைத்தார். அதுவரை இருந்த சாவுகள் வெகுவாகக் குறைந்தன. உங்கள் கணவர் படுக்கப்போகும் அறை அதன் வழித்தோன்றல்.

கேள்வி: கடைசி நாள் காலையில் ஒரு டைவ் செய்துவிட்டு மாலை விமானத்தில் திரும்பலாம் என்று பயண ஏற்பாட்டாளர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: கூடாது. பயணிகள் விமானத்தின் உள்ளே இருக்கும் அழுத்தம், ஏறத்தாழ 2400 மீட்டர் உயரமுள்ள மலையின் மேல் இருக்கும் அழுத்தம்வரை குறையக்கூடும். உடம்பில் இன்னும் நைட்ரஜன் மீந்திருக்கும்போது அப்படிக் குறைவது, கடலிலிருந்து இன்னொரு முறை மேலே ஏறுவதற்குச் சமம். பரவலாக ஏற்கப்பட்ட பரிந்துரை இது: மேலே வரும் வழியில் கட்டாயமாக நின்று வர வேண்டிய நிறுத்தம் தேவைப்படாத ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், ஒரு நாளில் பல டைவ்கள் அல்லது பல நாட்கள் தொடர்ந்து டைவ்கள் என்றால் குறைந்தது 18 மணி நேரம், கட்டாய நிறுத்தங்கள் தேவைப்பட்ட டைவ்கள் என்றால் 18 மணியைவிட நன்றாகக் கூடுதலாக. குழப்பமே வேண்டாம் என்று கடைசி 24 மணி நேரத்தை முழுவதும் கரையில் கழிப்பவர்கள் அறிவாளிகள். மலைப்பாதையில் காரில் ஏறிக் கடந்து வீடு திரும்புகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மலை விமானத்தைவிட இரக்கம் உள்ளதல்ல. இன்னொன்று: அறிகுறி இருக்கும்போது, காத்திருப்பு நேரம் முடிந்துவிட்டது என்பதற்காக விமானம் ஏறக் கூடாது. அந்தக் கணக்கு நலமாக இருப்பவர்களுக்கு மட்டும் உரியது.

கேள்வி: நைட்ராக்ஸ் பயன்படுத்தினால் இந்த நோய் வராதா? சிலிண்டர் இல்லாமல் மூச்சடக்கி முக்குளிப்பவர்களுக்கு வராதா?

பதில்: நைட்ராக்ஸ் என்ற சுவாசக் கலவையில், காற்றைவிட ஆக்சிஜன் கூடுதல், நைட்ரஜன் குறைவு. காற்றுக்கான நேர வரம்பை வைத்துக்கொண்டு நைட்ராக்ஸைச் சுவாசித்தால் பாதுகாப்பு கூடும். நைட்ராக்ஸுக்கான வரம்பின் விளிம்புவரை போனால் அந்த லாபம் கரைந்துவிடும். அதற்கு ஆழ எல்லையும் உண்டு: 32 விழுக்காட்டுக் கலவைக்கு ஏறத்தாழ 33 மீட்டர்; அதற்குக் கீழே ஆக்சிஜனே நஞ்சாகலாம். மூச்சடக்கி ஓரிருமுறை இறங்குபவருக்கு இந்த நோய் பற்றிக் கவலை இல்லை. ஆனால் இடைவெளி இல்லாமல் நாள் முழுதும் ஆழத்துக்கு இறங்கி ஏறிய பசிபிக் பெருங்கடலில் உள்ள துவாமோட்டு தீவுகளின் முத்துக்குளிப்போரிடம் தலைசுற்றலும் பக்கவாதமும் கண்டு, அதற்கு அவர்கள் தாரவானா என்று பெயரிட்டிருந்தார்கள்.

கேள்வி: ஒருமுறை இந்த நோய் வந்து குணமானவர் மீண்டும் கடலில் இறங்கலாமா? இறங்கினால் எதை மாற்றிக்கொள்ள வேண்டும்?

பதில்: பலர் இறங்குகிறார்கள், எப்போது என்பதை டைவிங் மருத்துவம் அறிந்த மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். மூட்டு வலியோடு நின்று முழுதும் குணமானவருக்கும், நரம்பு பாதிக்கப்பட்டவருக்கும் ஒரே பதில் இராது. நரம்புக் குறை ஏதேனும் மீதம் இருக்கும்வரை இறங்காதிருப்பதே முறை. அடுத்த முறை புதிதாக வந்த குறை எது, பழையது எது என்று பிரிக்க முடியாமல் போய்விடும் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

விதிக்குள் இருந்தும் நரம்பு, உள்காது அல்லது தோல் பாதிக்கப்பட்டவர்களுக்கு, முன்பு சொன்ன இதயத் திறப்பு இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். நுண்குமிழிகள் கலந்த உப்புநீரைக் கைச் சிரையில் செலுத்தி, எக்கோ கருவியில் இதயத்தைப் பார்த்தபடி மூச்சை அடக்கி முக்கி விடச் சொல்வார்கள். குமிழி வலப்புறத்திலிருந்து இடப்புறம் தாவினால் திறப்பு இருக்கிறது. அப்படி இருந்தால் வழி மூன்று: டைவை விட்டுவிடுவது, குமிழியே மிகக் குறைவாக உண்டாகும்படி, ஆழமும் நேரமும் குறைத்து இறங்குவது, அல்லது திறப்பை அடைத்துவிட்டு, அடைந்தது உறுதியான பின் இறங்குவது. மூன்றாவதைப் பொழுதுபோக்குக்காகச் செய்துகொள்வது பற்றி நோயாளியும் மருத்துவரும் பலமுறை யோசிக்க வேண்டும்; இதயத்துக்குள் செய்யும் எந்தச் சிகிச்சைக்கும் அதற்கே உரிய இடர் உண்டு.

மாற்றிக்கொள்ள வேண்டியவற்றில் நான் முதலில் வைப்பது, மேலே வரும் கடைசி 5 மீட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் போகாமல் வந்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிறுத்தத்தையும் முடித்த டைவர்கள், முடிந்தது என்று காலை உதைத்துச் சில விநாடிகளில் மேலே எட்டிவிடுவதை எந்தப் படகிலிருந்தும் பார்க்கலாம். அழுத்தம் விகிதத்தில் மிக வேகமாகக் குறைவது அந்த இடத்தில்தான். நிறுத்தத்தை மூன்றிலிருந்து ஐந்து நிமிடமாக்கி, அங்கிருந்து மேலே வர ஒரு நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளின் ஆழமான டைவ் முதலில் இருக்கட்டும். கம்ப்யூட்டரில் கூடுதல் எச்சரிக்கை அளவைத் தேர்வு செய்யும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். நீண்ட பயணங்களில் நடுவே ஒரு நாள் இறங்காமல் இருங்கள். டைவுக்குப் பிறகு சில மணி நேரம் கடும் உடற்பயிற்சி வேண்டாம்.

முதல் கேள்வியைக் கேட்ட வாசகர் உட்பட, மருத்துவரைப் பார்க்கப் போகும் அனைவரும் டைவ் கம்ப்யூட்டரைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஆழம், நேரம், ஏறிய வேகம், டைவ்களுக்கு இடைப்பட்ட இடைவெளி எல்லாம் அதில் பதிவாகியிருக்கும். பல மாடல்களில் புதிய டைவ்கள் சேரச் சேரப் பழைய பதிவு அழிந்துவிடும் என்பதால், அதுவரை அதை வேறு எவருக்கும் இரவல் கொடுக்க வேண்டாம்.